எடை எழுதாத வில்

அக்டோபர் 6, ஞாயிறு

துணி காயப்போட மாடிக்குப் போனபோதுதான் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். பழைய வில் இடது கையில். நாணைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார். நாணின் நடுவில் ஒரு தோல் பட்டை கோத்திருந்தது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்து முகம் கறுத்துவிட்டது. ஆனாலும் நாண் ஒரு சாண்கூட வரவில்லை. நான் வாளியைக் கீழே போட்டுவிட்டேன்.

"பல்லு போயிருமுங்க!"

தோலை வாயிலிருந்து விட்டுவிட்டுச் சிரித்தார். "போனா கட்டிக்கலாம் அம்மிணி. பல்லு கட்டறவங்களுக்கா பஞ்சம் மேட்டுப்பாளையத்துல?"

அவர் சிரித்து நாளாகிவிட்டது. அதனால் திட்டவில்லை.

செல்போனில் எவனோ ஒரு கை இல்லாத வெளிநாட்டுக்காரன் இப்படி அம்பு விடுவதைப் பார்த்தாராம். செருப்புத் தைக்கிறவரிடம் பழைய பெல்ட்டைக் கொடுத்துப் பட்டை வெட்டி வாங்கியிருக்கிறார். நாண் ஏற்றித் தந்தது எதிர்வீட்டுக்காரர். எனக்குத் தெரியாமல் இத்தனை நடந்திருக்கிறது.

காரமடையில் லாரி இடித்து இரண்டு வருடம் ஆகிறது. வலது கை இருக்கிறது, ஆனால் வேறு யாருடையதோ மாதிரி தோளிலிருந்து தொங்குகிறது. கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புகள் வேரோடு பிடுங்கிக்கொண்டதாக டாக்டர் சொன்னார். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையை வாடகைக்கு விட்டுவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அம்பு விடுகிற பழக்கமும் அதோடு போயிற்று. போயிற்று என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"இது நாப்பத்தஞ்சு பவுண்டு வில்லு, இழுக்க அத்தன பாரம் வேணும். கடிச்சு இழுக்கறதுக்கு ஆவாது," என்றார் சாப்பிடும்போது. "எனக்குன்னு ஒண்ணு செஞ்சு வாங்கோணும். கோத்தகிரில ஒரு பொண்ணு கையிலயே செய்யுதாம்."

டாக்டரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்றேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

கோயம்புத்தூர் போய் வந்தோம். டாக்டர் பார்த்து முடித்ததும் அவரை மருந்துக் கடை வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் திரும்ப உள்ளே போய்க் கேட்டேன்.

டாக்டர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "புதுசா இருக்கே! குறைஞ்ச எடையில ஆரம்பிச்சு மெதுவா கூட்டிக்கிட்டுப் போகட்டும்மா. கழுத்துத் தசைக்கு நல்லதுதான். கழுத்துல சுருக்குன்னு வலி வந்தா நிறுத்திடணும். பல் டாக்டர்கிட்ட ஒருவாட்டி காட்டிக்குங்க."

வெளியே வந்ததும் அவர் என் முகத்தையே பார்த்தார். டாக்டருக்கு அவ்வளவு இஷ்டமில்லை, ரொம்பக் குறைந்த எடை என்றால் பார்க்கலாம் என்கிறார் என்று சொன்னேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிய விதம் அப்படித்தான் இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். அவருடைய வலது பக்கத்தில் யாரும் இடிக்காதபடி நான் நின்றுகொண்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. நான் வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை லேபில் காலையிலேயே நுண்ணோக்கிக்குப் பொட்டு வைத்துப் பொரி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அவருடைய ஸ்பேனர், கட்டிங் பிளேயர் எல்லாவற்றையும் துடைத்து வைத்தேன். அவர் வில்லையும் கொண்டுவந்து வைத்தார். போன வருடம் அதை எடுக்கவே விடவில்லை.

இன்று சட்டைக்குத் தானே பொத்தான் போட்டார். ஒரு கம்பியைக் கொக்கி மாதிரி வளைத்து மரப்பிடியில் சொருகி வைத்திருக்கிறார். பொத்தான் துளைக்குள் விட்டு இழுத்தால் பொத்தான் வந்துவிடுகிறது. ஆனால் நேரம் எடுக்கிறது. பூஜைக்கு நேரமாகிறது என்று மீதியை நான் போட்டுவிட்டேன். "நானே போட்டிருப்பேன்ல," என்றார். கோபமாக இல்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

கோத்தகிரி. மலைப்பாதை முழுக்க மேகம்.

வில் செய்கிற பெண்ணின் பெயர் மெர்லின். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கலாம். மரச்சாமான் வடிவமைப்புப் படித்துவிட்டு பெங்களூரில் வேலை பார்த்து அலுத்து, சொந்த ஊருக்கு வந்து இதைத் தொடங்கினாளாம். இப்போது வெளிமாநிலத்திலிருந்தெல்லாம் கேட்கிறார்கள். சொன்னால் நாலைந்து மாதம் காத்திருக்க வேண்டும். இவர் விஷயத்தைப் போனில் கேட்டுவிட்டு, முன்னால் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

பட்டறை முழுக்கப் பிசின் வாசனை. மூங்கிலைக் காகிதம் போலச் சீவி அடுக்கி, மேலும் கீழும் கண்ணாடி இழை வைத்து ஒட்டி, அச்சில் இறுக்கி, சூடான பெட்டிக்குள் வைத்து எடுப்பாளாம். சுவரில் ஒரு முளை. அதில் வில்லை மாட்டி, நாணில் கயிறு கட்டிக் கீழே இழுத்தால், இடையில் தொங்குகிற தராசு எத்தனை பவுண்டு என்று காட்டுகிறது.

அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவரிடமே கேட்டாள்.

"அண்ணா, வாயைத் திறங்க." டார்ச் அடித்துப் பார்த்தாள். "கடவாப் பல்லுல கடிக்கிறீங்களா, முன்பல்லுலயா?"

"முன்னால."

"கூடாது. ஓரத்துக்கு மாத்துங்க. பட்டை நான் அகலமா தைச்சுத் தரேன். கையை நீட்டி வில்லை முன்னால தள்ளணும், தலை பின்னாடி போகக் கூடாது. சரியா? தலையால இழுத்தா கழுத்து போச்சு."

பிறகு சுவரில் இருந்த வில்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தாள். அவர் குதிரை மேலிருந்து எய்கிற மாதிரியான குட்டை வில்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பழையதும் அந்த மாதிரிதான், அதுதான் கைக்குப் பழக்கம் என்றார்.

"குட்டை வில்லு கடைசிவரைக்கும் சும்மா வந்துட்டு, முடியிற இடத்துல சுவத்துல முட்டின மாதிரி நின்னுடும்ணா. விரலு தாங்கும், பல்லு தாங்காது. நெட்டை வில்லு ஒரே சீரா வரும். அப்புறம், அம்பு எப்படிக் கோப்பீங்க?"

அவர் யோசித்தார். அவள் நெட்டையான ஒன்றைக் கொடுத்தாள். வில்லின் அடியைக் காலோரம் ஊன்றி, முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு, இடது கையால் அம்பைக் கோத்துப் பார்த்தார். நின்றது. குட்டை வில்லில் அது முடியவில்லை.

"சரி, நெட்டையே ஆகட்டும்," என்றார். உடனே ஒத்துக்கொண்டார். நான் சொன்னால் இப்படி ஒத்துக்கொள்வதில்லை.

எடைதான் பிரச்சினை. இருபது பவுண்டு வில் ஒன்றைக் கடித்து முழுசாக இழுத்து நிறுத்தினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இருபத்தைந்தையும் இழுத்தார், கால் நடுங்கியது.

"முப்பது வேணும்," என்றார்.

"இப்பவேவா?"

"வில்லு வர்றதுக்குள்ள பழகிருவேன்."

"யோசிச்சுச் சொல்லுங்கண்ணா. எடை கூடுதலா இருந்தா நான் இழைச்சுக் குறைச்சுக்கலாம். குறைச்சுட்டா திரும்பக் கூட்ட முடியாது. வேற வில்லுதான் செய்யணும்."

"முப்பதுன்னு எழுதிக்குங்க."

டாக்டர் குறைந்த எடைதான் சொன்னார் என்று நான் குறுக்கே சொன்னேன். இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மெர்லின் அவரைப் பார்த்தாள். "அண்ணா?"

"முப்பது," என்றார்.

இறங்கும்போது எனக்குத் தலைசுற்றல். கொண்டை ஊசி வளைவுகள்தான் காரணம்.

அக்டோபர் 16, புதன்

கொக்கிக் கம்பியைக் காணோமாம். குப்பையோடு போயிருக்கலாம் என்றேன். பொத்தான் போட்டுவிட்டு லேபுக்குக் கிளம்பினேன்.

அக்டோபர் 17, வியாழன்

மதியம் லேபில் கூட்டம் குறைந்ததும் மெர்லினுக்குப் போன் செய்தேன்.

முப்பது வேண்டாம், இருபதுக்குள் செய்யுங்கள், வில்லின் மேல் முப்பது என்றே எழுதிவிடுங்கள் என்றேன்.

அந்தப் பக்கம் மழை பெய்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா, அதை நம்பித்தான் அம்பு வாங்குவாங்க. வில்லுக்கு ஒத்து வராத அம்பு பக்கவாட்டுல போகும். நான் அப்படி எழுத மாட்டேன்."

"டாக்டர் கூடாதுன்னு சொல்லிட்டாருங்க. கழுத்துல ஏதாச்சும் ஆச்சுன்னா இருக்கற கையும் போயிரும். உங்களால தாங்க முடியுமா?"

"டாக்டரே சொன்னாரா?"

"ஆமாங்க."

"அப்படின்னா அண்ணாகிட்ட நேரா சொல்லிடலாமே."

"சொன்னா அவுரு கேக்க மாட்டாருங்க. நீங்க பாத்தீங்கள்ல?"

கடைசியில் சொன்னாள்: "டாக்டர் சொல்லியிருக்காருன்னா குறைச்சே செய்றேன். ஆனா எடை எழுதாம வெறுமையா விட்டுடுவேன். அண்ணா கேட்டா பொய் சொல்ல மாட்டேன்க்கா. அதுக்குள்ள நீங்களே சொல்லிடுங்க."

சொல்கிறேன் என்றேன்.

இதில் தப்பு என்ன இருக்கிறது? வில்லும் வரும், கழுத்தும் பிழைக்கும்.

அக்டோபர் 22, செவ்வாய்

பல்லுக்குப் பயிற்சி செய்ய ரப்பர் வேண்டும் என்கிறார். ரத்தம் எடுக்கும்போது கையில் கட்டுகிற ரப்பர் குழாய் தேய்ந்துபோனது லேபில் கிடந்தால் எடுத்து வரச் சொன்னார். நேற்றும் மறந்துவிட்டேன், இன்றும் மறந்துவிட்டேன்.

அக்டோபர் 23, புதன்

எதிர்வீட்டுக்காரர் சைக்கிள் டியூப் கொடுத்திருக்கிறார். ஜன்னல் கம்பியில் கட்டி வைத்து இழுக்கிறார். நான் சமையலறையில் இருந்தாலும் கம்பி அதிர்வது கேட்கிறது. குழம்பில் உப்பு இரண்டு தரம் போட்டுவிட்டேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. அதிகாலையில் எண்ணெய் தேய்த்துவிட்டேன். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே சதை இறுகியிருக்கிறது. இரண்டு வருடமாக அந்த இடம் குழிந்து கிடந்தது.

"என்ன அம்மிணி, கையி அங்கியே நின்னுபோச்சு?"

"எண்ண வழியுதுங்க."

மதியம் தூங்கி எழுந்ததும் சொன்னார், "முதல்ல கொஞ்ச நாளைக்கு ஞாயித்துக்கெழம மட்டும் மைதானத்துக்குப் போறேன். அப்புறம் கடையத் திரும்ப எடுத்துக்கலாமான்னு பாக்கறேன். ஆளு வெச்சுக் காயில் கட்டலாம். எனக்கு மண்டைல இருக்குதுல்ல வேல, கையிலயா இருக்குது?"

வாடகைக்கு எடுத்தவரை எப்படிக் காலி செய்யச் சொல்வது என்று கேட்டேன். முறுக்குத் தட்டை எடுத்து வந்து அவர் பக்கத்தில் வைத்தேன்.

மெர்லின் சொல்லிவிடச் சொன்னதை இன்று சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். நல்ல நாளும் அதுவுமாக எதற்கு.

நவம்பர் 9, சனி

வில் வந்துவிட்டது. மெர்லினே எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். கோயம்புத்தூரில் வேறு வேலை இருக்கிறது என்று உட்காரக்கூட இல்லை. வாசலில் என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டாள், "சொல்லிட்டீங்களாக்கா?" நான் தலையாட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே நினைவில்லை. காபியை வேண்டாம் என்றுவிட்டுப் போய்விட்டாள்.

அழகான வில். தேன் நிறத்தில் மூங்கில் வரிகள் கண்ணாடிக்குள் தெரிகின்றன. பிடி அவருடைய உள்ளங்கைக்கு அளவெடுத்தது. அவர் அதைத் தடவிக்கொண்டே இருந்தார். பிடிக்கு மேலே, எடை எழுத வேண்டிய இடத்தில், கட்டைவிரல் நின்றது.

"எழுதலையே."

"மறந்துருப்பாங்க," என்றேன்.

நவம்பர் 10, ஞாயிறு

மைதானத்துக்குக் கூடவே போனேன். நாண் ஏற்ற இன்னொரு ஆள் வேண்டும். ஒரு காலை வில்லுக்கும் நாணுக்கும் நடுவே விட்டுத் தொடையில் வைத்து வளைக்கச் சொல்லிக்கொடுத்தார். வளைத்தேன். அவ்வளவு சுலபமாக வளைந்தபோது எனக்கே பகீர் என்றது.

அம்பைக் கோத்தார். பட்டையைக் கடித்தார். கையை நீட்டித் தள்ளினார். வில் முழுசாக வந்து நின்றது. கழுத்தில் ஒரு நரம்புகூட அசையவில்லை.

அப்படியே நின்றார். விடவில்லை. கண் மட்டும் என் பக்கம் திரும்பியது.

பிறகு விட்டார். அம்பு வளைந்து வளைந்து போய், வைக்கோல் இலக்குக்கு முன்னாலேயே புல்லில் விழுந்தது.

இன்னொன்று விடுங்கள் என்றேன். வில்லை என்னிடம் நீட்டினார். "நாணக் கழட்டிரு."

மதியம் தட்டில் சோற்றை ஒதுக்கி வைத்தார்.

நவம்பர் 11, திங்கள்

பேசவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

பேசுகிறார். தண்ணீர் வேண்டும், மின்சாரம் போய்விட்டது, கதவைச் சாத்து. இவ்வளவுதான். சைக்கிள் டியூப் ஜன்னலில் அப்படியே தொங்குகிறது. அவிழ்த்துவிடலாமா என்று பார்த்தேன். தொடவில்லை.

நவம்பர் 14, வியாழன்

லேபிலிருந்து வந்தபோது அவர் வெளுத்த சட்டை போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பொத்தான்கள் ஒன்று மாற்றி ஒன்று போட்டிருந்தது. கை என்னை அறியாமல் அங்கே போனது. விலக்கிக்கொண்டார்.

"டாக்டரப் பாத்துட்டு வந்தேன்."

"தனியாவா போனீங்க?"

"பஸ்ல அம்பது பேரு இருந்தாங்க." சிரிக்கவில்லை. "அவரு என்னயக் கேக்கறாரு, எத்தன பவுண்டு இழுக்கறீங்கன்னு. ஒரு மாசமா நான் இழுத்துட்டு இருப்பேன்னு நெனச்சிருக்காரு மனுஷன். கழுத்தத் தொட்டுப் பாத்துட்டு, நல்லா தேறியிருக்குதுங்கறாரு."

நான் பையை வைக்கவில்லை. கையிலேயே இருந்தது.

"மெர்லினுக்கும் போன் பண்ணேன். நீ சொன்னத அது சொல்லுச்சு. அழுவுது அந்தப் பொண்ணு."

"உங்க கழுத்துக்காவத்தானுங்க..."

"தெரியுது."

"ஏதாச்சும் ஆயிருந்தா நான் என்னங்க பண்ணுவேன்? ஆஸ்பத்திரில நீங்க கெடந்தப்ப..."

"அதுந் தெரியுது." குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "எனக்குப் பயமா இருக்குது, வேண்டாமுன்னு மொகத்துக்கு நேரா நீ சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன். போட்டு, நாந் தோத்தே போயிருப்பேன். இருவது போதும்னு ஒத்துட்டிருந்தாலும் இருந்திருப்பேன். இதுல நான் எங்க இருக்கேன்? என்ற கழுத்தப் பத்தி நீயி, டாக்டரு, அந்தப் பொண்ணு எல்லாரும் பேசி முடிச்சிருக்கீங்க. என்னயத் தவிர."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் போய் அணைத்தேன். திரும்பி வரும்போது அவர் மாடிக்குப் போய்விட்டார்.

அவருடைய கழுத்துக்காகத்தான் செய்தேன். யார் கேட்டாலும் இதைச் சொல்வேன். இரண்டு வருடமாக நான் கை வைக்காமல் அவருக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை. குளிப்பாட்டினேன், தலை வாரினேன், சோறு பிசைந்து கொடுத்தேன். விபத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை என்றால் இருட்டிய பிறகுதான் வருவார். வந்தாலும் வில்லையும் அம்பையும் பற்றியே பேசுவார். நான் அதை எப்போதாவது குறையாகச் சொல்லியிருக்கிறேனா?

எதற்கு இதை எழுதினேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 16, சனி

மதியம் வந்தபோது வீடு பூட்டியிருந்தது. வில்லையும் காணோம். போன் அணைத்து வைத்திருக்கிறது.

எதிர்வீட்டுக்காரர் சொன்னார், காலையில் பஸ் நிலையத்துக்குப் போனாராம். தோளில் வில் பை இருந்ததாம். கோத்தகிரிப் பாதையில் மண் சரிந்துவிட்டது, வண்டிகளை நிறுத்திவிட்டார்கள் என்று மூன்று மணிக்குச் செய்தி வந்தது. மெர்லினின் போனும் போகவில்லை. பஸ் நிலையத்துக்கு ஓடினேன். காலையில் மேலே போன பஸ்ஸைப் பற்றி நேரக்காப்பாளரிடம் கேட்டேன். "இன்னும் தகவல் இல்லீங்க. பயப்படாதீங்க," என்றார்.

மழையில் அங்கேயே நின்றேன். அவருடைய வலது கை குளிரில் எரியும். நெருப்பில் வைத்தது போல எரியும் என்பார். சட்டைக்குள் விட்டு மூடிக்கொள்ள ஆள் வேண்டும். யார் செய்வார்கள் என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பஸ் பள்ளத்தில் விழுந்திருக்குமோ என்பதைவிட அதுதான் முதலில் வந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து போன். மெர்லின். "அக்கா, அண்ணா இங்க பத்திரமா இருக்கார். எங்க அப்பா அம்மாகூட கீழ் வீட்டுல தங்கிக்கிறார். இங்க சிக்னல் இல்ல, டீ ஃபேக்டரியில இருந்து பேசறேன்."

"அவருகிட்டக் குடுங்க."

"அவர் பட்டறையில இருக்கார்க்கா. மூங்கில் அடுக்கிட்டு இருக்கோம். புது வில்லு." தயங்கிவிட்டுச் சொன்னாள், "நீங்க பேசினா என்ன சொல்லணும்னு கேட்டேன். ஒண்ணும் சொல்ல வேண்டாம்னுட்டார்."

நவம்பர் 18, திங்கள்

பாதை திறந்தார்கள். லேபுக்கு லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் ஏறினேன்.

நான் பட்டறைக்குள் நுழைந்தபோது அவர் சுவரோரம் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. வலது கை யாரோ பின்னிய கம்பளிப் பைக்குள் இருந்தது. மெர்லின் புது வில்லுக்கு நாண் ஏற்றிக்கொண்டிருந்தாள். இன்னும் மெருகு போடாத வில், ஓரமெல்லாம் சொரசொரப்பு.

"முப்பத்திநாலு இருக்குண்ணா. இது சும்மா பார்க்கத்தான். பாதி இழுத்துட்டு விட்டுடுங்க."

அவர் கடித்தார். தள்ளினார். பாதியில் நிறுத்தவில்லை. என்னைப் பார்த்ததால்தான் நிறுத்தவில்லை என்று நினைக்கிறேன். தோள் எகிறியது, தாடை நடுங்கியது. படக்கென்று ஒரு சத்தம். பல்லிலிருந்து பட்டை நழுவி நாண் தெறித்து வில் குலுங்கியது. அவர் குனிந்துவிட்டார். தரையில் மூங்கில் தூள் மேல் ரத்தம் சொட்டியது.

தினம் எத்தனையோ பேருக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள் நான். இந்த ரத்தத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவரிடம் ஓடினேன். அவர் தலையை நிமிர்த்தாமல் இடது கையை மட்டும் என் பக்கம் நீட்டினார். உள்ளங்கை தெரிய. நில் என்று.

நின்றேன். அதுபோலக் கடினமான ஒரு வேலை நான் செய்ததே இல்லை. அவர் தடவித் தடவிக் குழாயைத் திறந்தார், வாய் கொப்பளித்தார், துப்பினார், நாக்கால் துழாவிப் பார்த்தார். ஓரப்பல்லில் ஒரு சில்லு உடைந்திருந்தது. நான் மூங்கில் கட்டின் மேல் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"கழுத்து?" என்று மெர்லின் கேட்டாள்.

"கழுத்துக்கு ஒண்ணுமில்ல. ஆத்திரத்துல இழுத்துட்டேன். கொறச்சுரு."

அவள் ஓரத்தை இழைத்தாள். சுருள் சுருளாகத் தூள் விழுந்தது. முளையில் மாட்டிக் கயிற்றை இழுத்துப் பார்த்து, மறுபடி இழைத்தாள். அவர் தொட்டியில் குனிந்து மறுபடியும் கொப்பளித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா," என்றாள் மெர்லின். கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, வில்லின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைகிறதா என்று கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "தராசுல என்ன காட்டுதுன்னு படிங்க."

நான் போய் நின்றேன். முள் ஆடி நின்றது. இருபத்தெட்டு. முப்பத்திரண்டு என்று நான் சொன்னால் அவள் இன்னும் இழைப்பாள். இழைத்துவிட்டால் திரும்பக் கூட்ட முடியாது. இந்த அறையில் முள் தெரிவது எனக்கு மட்டும்தான்.

"எவ்வளவு?" என்று அவர் கேட்டார். தொட்டியிலிருந்து நிமிரவில்லை.

அவருடைய கழுத்தைப் பார்த்தேன். பின்னால் ஆபரேஷன் தழும்பு, ஈரத்தில் பளபளத்தது.

"இருவத்தெட்டுங்க."

மெர்லின் கயிற்றைத் தளர்த்தினாள். திரும்பிவந்து தானும் ஒருமுறை இழுத்து முள்ளைப் பார்த்தாள். பார்க்கத்தான் வேண்டும், அவளைக் குறை சொல்ல முடியாது. "இருபத்தெட்டுதான்," என்றாள்.

இந்த முறை மறுபக்கத்துப் பல்லால் கடித்தார். மெதுவாகத் தள்ளினார். கை நீண்டது, நாண் வாயோடு நின்றது. நின்றது. நடுக்கம் இல்லை. மெல்லத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்.

"இது போதும். முப்பது எனக்கு ஆவாது," என்றார். மெர்லின் பேனாவை எடுத்துப் பிடிக்கு மேலே 28 என்று எழுதினாள். மெருகு போட்டு அடுத்த மாதம் தருவதாகச் சொன்னாள். பழையதை, அதாவது எடை எழுதாததை, அவளிடமே விட்டுவிட்டு வந்தோம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான். பாதி மலை இறங்கியபிறகு சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்துக் காட்டினார். புதுக் கொக்கிக் கம்பி.

"மெர்லினோட அப்பா வளைச்சுக் குடுத்தாரு. பழசு எங்க இருக்குன்னு நான் உன்னயக் கேக்கல."

மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. நானும் சொல்லவில்லை. என் முகத்தில் தெரிந்திருக்கும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நவம்பர் 25, திங்கள்

பல் டாக்டர் சில்லு உடைந்த இடத்தை அடைத்துவிட்டார். உள்ளே போகும்போது என்னை வெளியே உட்காரச் சொன்னார் அவர். உட்கார்ந்தேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

காலையில் நான் கிளம்பும் வரைக்கும் மூன்றாவது பொத்தானில்தான் இருந்தார். "நேரமாச்சுல்ல, நீ போ," என்றார். தெருமுனை வரை போனபிறகும் திரும்பி வரலாமா என்றிருந்தது. பஸ் வந்துவிட்டது.

மதியம் அவரே போன் செய்தார். கடை வாடகைக்காரரிடம் பேசினாராம். பொங்கலுக்கு மேல் காலி செய்கிறேன் என்றாராம். என்னிடம் கேட்கவில்லை, சொன்னார். சரிங்க என்றேன். சாயந்திரம் உங்களுக்கு என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "கொய்யாப்பழம். செங்காயா பாத்து வாங்கு. கடிக்கறதுக்கு," என்றார். அந்தக் கடைசி வார்த்தையில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது.

டிசம்பர் 15, ஞாயிறு

மைதானம். காலை வெயில். வேறு யாரும் இல்லை.

நாண் நான்தான் ஏற்றினேன். இந்த வில் சுலபத்தில் வளையவில்லை. முழு பாரத்தையும் போட்டுத் தொடையில் வளைத்தேன். தொடை கன்றிவிட்டது. கொடுத்தேன்.

வில்லைக் காலோரம் ஊன்றி அம்பு கோத்தார். பட்டையைக் கடித்தார். நான் பின்னால் நின்றேன். கை நீள நீளக் கழுத்துத் தசை கயிறு மாதிரி எழும்பியது. தழும்பு இழுபட்டது. அவர் நிறுத்தி நிதானித்து விட்டார். நாண் அதிர்ந்த சத்தம் கேட்டது. கழுத்து இறங்கியது. வலியில் சுருங்குகிறதா, தலை சாய்கிறதா என்று பார்த்தேன். ஒன்றுமில்லை.

"எங்க பட்டுச்சு?" என்று கேட்டார். வெயில் அவர் கண்ணில் அடித்தது.

நான் இலக்குப் பக்கமே பார்க்கவில்லை.

"பாக்கலீங்க."

"அப்புறம் எதப் பாத்துட்டு நின்ன?"

அவருக்குத் தெரிந்திருக்கும். அடுத்த அம்பை எடுத்துக் கோத்தார்.

"இந்தா, என்ற பக்கத்துல வந்து நில்லு. கழுத்த நான் பாத்துக்கறேன். நீ அம்பப் பாரு."

போய் நின்றேன். தோல் பட்டை பல்லில் இறுகும் சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. திரும்பவில்லை. வைக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்பு கிளம்பியது, லேசாக மேலே ஏறியது, இறங்கியது, இலக்கின் கீழ் ஓரத்தில் தைத்து ஆடியது.

"கீழ ஓரத்துலீங்க," என்றேன். "வலது பக்கமா."

"எவ்வளவு கீழ?"

நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன்.